தோளில் எரிச்சல், சாயங்காலம் மார்பு கனத்து வலிக்கிறது. ப்ரா அளவுதான் காரணமா?

கூடலூர்க்காரி:
எனக்குத் தேனி மாவட்டம் கூடலூர். விடியற்காலை ஜீப்பில் குமுளி ஏறி ஏலத்தோட்ட வேலைக்குப் போகிறேன். ஏலக்காய் செடியின் தூரில் சரம் சரமாகக் காய்க்கும், நாள் முழுக்கக் குனிந்த வேலைதான். இரண்டாவது பிள்ளைக்குப் பால் மறக்கடித்ததில் இருந்து, மதியத்துக்கு மேல் இரண்டு மார்பும் கனத்து வலிக்கிறது. தூரமாவதற்கு முந்தின வாரம் அதிகம். தோளில் பட்டை பதிந்து பள்ளமே விழுந்துவிட்டது, வியர்வை பட்டால் எரிகிறது. கடையில் ஆண்தான் நின்றார், ஒரு பார்வை பார்த்துவிட்டு 38 பி எடுத்துக் கொடுத்தார். மூன்று வாங்கிவிட்டேன். குனிந்தால் முதுகுப்பட்டை மேலே ஏறுகிறது, நான் தோள்பட்டையை இழுத்து இழுத்து இறுக்குகிறேன். போடாமலே விடு என்கிறாள் நாத்தனார். ஆண்களோடு சேர்ந்து வேலை பார்க்கிற இடத்தில் அது எனக்குச் சரிப்படாது. என்ன செய்யலாம்?

மறையூர்ப் பொண்ணு:
எனக்கும் இதேதான் அக்கா. இறுக்கத்தால் வலிக்கிறது என்று நினைத்து இன்னும் பெரிய அளவு வாங்கினேன். தோள் வலி கூடியதுதான் மிச்சம்.

கொழிஞ்சாம்பாறை தையல்காரி:
தங்கச்சி, முதுகுப்பட்டை மேலே ஏறுகிறது என்றீர்களே, விஷயம் அதில்தான் இருக்கிறது. மார்பின் கனத்தைத் தாங்க வேண்டியது மார்புக்குக் கீழே சுற்றி வரும் அடிப்பட்டை. அது லூசாக இருந்தால் கனம் முழுக்கத் தோளுக்குப் போகும். நீங்கள் தோளில் இறுக்க இறுக்க முதுகில் இன்னும் ஏறும். மார்புக்குள் தாங்கிப் பிடிக்கத் தசை கிடையாது, தோலும் உள்ளே இருக்கும் மெல்லிய இழைகளும்தான். நாளெல்லாம் குனிந்து ஆடினால் வலிக்காமல் என்ன செய்யும்?

இஞ்ச் டேப் எடுத்து, மூச்சை விட்டுவிட்டு, மார்புக்கு அடியில் சுற்றி ஒட்டினாற்போல் அளந்து பாருங்கள். அந்த எண்தான் பட்டை அளவு, ஒற்றைப்படையாக வந்தால் பக்கத்து இரட்டைப்படை. அப்புறம் மார்பு எடுப்பாக இருக்கும் இடத்தில், இறுக்காமல் அளந்து கழியுங்கள். வித்தியாசம் ஒரு இஞ்ச் என்றால் ஏ, இரண்டு பி, மூன்று சி, நான்கு டி. டி என்றால் மிகப் பெரியது என்று நினைத்து நிறையப் பேர் கேட்கவே கூச்சப்படுகிறார்கள். எழுத்தை மட்டும் பார்த்தால் ஒன்றும் தெரியாது. 38 பி-யின் கப்பும் 34 டி-யின் கப்பும் ஏறக்குறைய ஒரே கொள்ளளவுதான், மாறுவது பட்டை.

புதிதாக வாங்கும்போது கடைசிக் கொக்கியில், அதாவது லூசான கொக்கியில் மாட்டினால் சரியாக நிற்க வேண்டும். எலாஸ்டிக் தளரத் தளர உள்கொக்கிக்கு வரலாம். பட்டைக்குள் இரண்டு விரல் போகட்டும், அதற்கு மேல் வேண்டாம். குனிந்து மார்பைக் கப்புக்குள் சேர்த்து மாட்டுங்கள். கையைத் தூக்கினால் பட்டை கூடவே வரக் கூடாது.

புளியரை நர்ஸ்:
தூரத்துக்கு முந்தி இரண்டு பக்கமும் கனக்கிற வலி ஹார்மோனால் வருவது. நல்ல அளவு அதைக் குறைக்கும், முழுக்க நிறுத்தாது. ஆனால் ஒரே இடத்தில் விடாமல் வலித்தாலோ, கட்டி தட்டுப்பட்டாலோ, தோல் குழிந்தாலோ, காம்பில் ரத்தம் கசிந்தாலோ ஒரு நாள்கூடத் தள்ளிப் போடாமல் டாக்டரிடம் காட்டுங்கள். நனைந்த ப்ராவோடு நாள் முழுக்க இருக்காதீர்கள், மார்புக்கடியில் புண்ணாகிவிடும். மாற்றுக்கு ஒன்று பையில் இருக்கட்டும்.

கூடலூர்க்காரி:
அளந்தேன். அடியில் 34, மேலே 38. எங்கள் ஊரில் 34 டி கேட்டால் இல்லை, 38 போடுங்கள் என்றே சொல்கிறார்கள். குமுளியில் ஒரு பெண் நடத்தும் கடையில் கிடைத்தது, போட்டுப் பார்க்கவும் விட்டார். பத்து நாள் ஆகிறது. கனம் பாதியாகக் குறைந்துவிட்டது. தோளில் தடம் இருக்கிறது, எரிச்சல் இல்லை. கட்டி எதுவும் தட்டுப்படவில்லை. ஜீப்பில் கூட வருகிற இரண்டு பேர் டேப்பை வாங்கிப் போயிருக்கிறார்கள். பழைய மூன்றையும் பிடித்துத் தைக்கலாமா அக்கா?

கொழிஞ்சாம்பாறை தையல்காரி:
இரண்டு இஞ்ச் வரை பிடிக்கலாம். நான்கு பிடித்தால் தோள்பட்டை கோணிக்கொள்ளும். மூன்றையும் பிரித்துக் கொக்கிகளை மட்டும் எடுத்து வையுங்கள், ரவிக்கைக்கு ஆகும்.