ஷேவ் பண்ண இடத்துல முடி கறுப்பா முளைக்குது, விவரம் தெரிஞ்சவங்க சொல்லுங்க

எல்லாருக்கும் வணக்கம். எங்க பூனை மல்லிக்கு 3 வயசு. பெர்ஷியன்ல சீல் பாயின்ட், ஹிமாலயன்னு சொல்வாங்களே, அது. உடம்பு பால்கோவா நிறம். மூஞ்சி, காது, கால், வால் மட்டும் காப்பிக்கொட்டை கலர். வீட்டுக்கு வந்தப்ப மூக்கு நுனியில மட்டும்தான் லேசா புகை படிஞ்ச மாதிரி இருந்துச்சு.

பெர்ஷியன்களுக்குக் கிட்னியில நீர்க்கட்டி வர்றது பரம்பரையா உண்டுங்கிறதால டிசம்பர்ல ஸ்கேன் எடுத்தோம். கிட்னி நல்லா இருக்கு, அந்த நிம்மதி பெருசு. ஆனா ஸ்கேனுக்காக ஷேவ் பண்ண வலது விலாவுல, உள்ளங்கை அகலத்துக்கு, முடி அடர் பழுப்பா வளருது. ஊதிப் பார்த்தா வேர் வரைக்கும் அதே நிறம். தோல்ல புண்ணோ செதிலோ இல்ல, அவ சொறியவும் இல்ல.

இந்த வகைப் பூனைக்கு நிறமி சுரக்கிற நொதி, சூடு குறைஞ்ச இடத்துலதான் வேலை செய்யும். அதனாலதான் காதும் வாலும் கறுக்குதுன்னு டாக்டர் சொன்னார். நாங்க இருக்கிறது குன்னூர். மார்கழிக் குளிர்ல முடியில்லாத இடம் சில்லுன்னுதானே இருந்திருக்கும்!

உங்க பூனைக்கு இப்படி ஆகியிருந்தா, பழைய நிறம் திரும்ப எத்தனை மாசம் ஆச்சு? அடுத்த முடி உதிர்வுல மாறுமா? முதுகுல வேற சிக்கு விழுந்திருக்கு. மெஷின் போட மனசு வரல. சீப்பாலயே பிரிச்சவங்க எப்படிப் பிரிச்சீங்க? போட்டோ இருந்தா அவசியம் போடுங்க.