டெல்லியில் ஸ்கேட்டிங்கில் ஜம்ப், ஸ்பின் பழகியவர்களே, இன்னும் மனதை விட்டு நீங்காத ஒரு சம்பவம் சொல்லுங்கள்

மயூர் விஹார் அம்மா:
குருகிராம் மாலில் ஐஸ் ரிங்க் இருந்த காலம். என் மகளுக்கு ஆக்சல் என்ற ஜம்ப் மட்டும் வரவே இல்லை. சிங்கிள்தான் என்றாலும் முன்பக்கமாகக் கிளம்பிப் பின்பக்கமாக இறங்குவதால் ஒன்றரைச் சுற்று, உங்களுக்கே தெரியும். சுற்று முடிவதற்குள் இறங்கி விழுவாள். "இன்னும் உயரமாகக் குதி" என்பதுதான் அவளுக்குக் கிடைத்த ஒரே திருத்தம். ஒருநாள் வெளியூரிலிருந்து வந்திருந்த வயதான கோச் ஒருவர் அவளைக் கூப்பிட்டு, "ஜம்ப் வேண்டாம் பேட்டா, பேக் ஸ்பின் காட்டு" என்றார். வலது காலில் சுற்றத் தொடங்கியதுமே இடது கால் விரிந்து உடம்பு ஆடிவிட்டது. அவளுடைய சிவப்புக் கையுறையைக் கழற்றச் சொல்லி, குறுக்கே போட்ட கால்களுக்கு நடுவில் இடுக்க வைத்தார். "இது விழாமல் சுற்று. காற்றில் செய்ய வேண்டியதும் இதேதான்." விழ விழ அவரே குனிந்து எடுத்துக் கொடுத்தார். இடது காலில் கிளம்பி எடையை வலது பக்கம் மாற்றினால்தான் ஆக்சல் சுற்றும் என்பது எனக்கு அன்றுதான் புரிந்தது. அதுவரை ஏன் யாரும் சொல்லவில்லை? இன்றும் ஆறவில்லை.

ஆர்.கே.புரம் ரோலர்:
அக்கா, உயரத்தை அப்படி ஒதுக்கிவிடாதீர்கள். நாங்கள் சிமென்ட் தரையில் நாலு சக்கர ஸ்கேட்டில் பழகியவர்கள். அந்தக் கனத்தோடு கிளம்ப வேண்டும், முழங்கால் நன்றாக மடங்காவிட்டால் சுற்ற நேரமே கிடைக்காது. பேக் ஸ்பின் பிரமாதமாகச் சுற்றும் பிள்ளைகள் ஜம்ப்பில் தரையை விட்டே எழாமல் போவதைப் பார்த்திருக்கிறேன். என் சம்பவம் ஒரு போட்டியில். கால் நுனியைக் குத்திக் கிளம்பும் ஒரு ஜம்ப், ஐஸில் டோ லூப் என்பார்கள், நாங்கள் மேப்ஸ் என்போம். ஒரு பையன் அதை டபுளாகப் போட்டு இறங்கினான். கைகள் விரிந்தன, பின்னால் நீட்டிய கால் அசையவில்லை, பின்பக்கமாகவே பெரிய வளைவாக ஓடினான். அப்படி ஓர் இறக்கத்தை அப்புறம் நேரில் பார்க்கவில்லை.

கரோல் பாக் அப்பா:
இரண்டு பேரும் பிளேடை மறந்துவிட்டீர்கள். சாணை பிடிக்கக் கொடுத்த கடையில் என் பெண்ணின் பிளேடு முனையில் பல் பல்லாக இருக்கும் டோ பிக்கில் கீழ்ப் பல்லைத் தேய்த்தே எடுத்துவிட்டார்கள். மறுநாள் டோ லூப்புக்குக் குத்தினாள், பிடிக்காமல் வழுக்கிக் குப்புற விழுந்தாள். அந்தச் சத்தம் இன்னும் காதில் இருக்கிறது.

அதனால் சொல்கிறேன். சாணை பிடித்து வந்ததும் பிளேடின் குறுக்கே ஒரு நேரான சட்டத்தை வைத்துப் பாருங்கள், இரண்டு எட்ஜும், அதாவது இரு பக்க விளிம்பும், ஒரே மட்டத்தில் இருக்க வேண்டும். ஒன்று உயர்ந்திருந்தால் லுட்ஸ் என்ற ஜம்ப்புக்கு வேண்டிய வெளி எட்ஜ் நிற்காது, உள்ளே சாய்ந்து ஃபிளிப் என்ற வேறு ஜம்ப் ஆகிவிடும். பிளேடு நீளவாக்கில் பொதுவாக 7 அல்லது 8 அடி ஆரத்தில் வளைந்திருக்கும், முன்பகுதியில் வளைவு இன்னும் கூடும். டோ பிக்குக்குச் சற்றுப் பின்னால் இருக்கும் அந்த இடத்தில்தான் ஸ்பின் நிற்கும். அதைத் தட்டையாக்கிவிட்டால் எந்தக் கோச்சாலும் ஸ்பின்னைச் சரிசெய்ய முடியாது. ஸ்கேட் பூட்ஸும் முக்கியம். வளரும் பிள்ளைதானே என்று ஒரு சைஸ் பெரிதாக வாங்காதீர்கள், குதிகால் உள்ளே எழும்பினால் எட்ஜ் போச்சு. கணுக்காலில் தோல் மடிந்து தளர்ந்துவிட்டால் அந்த பூட்ஸில் டபுள் ஜம்ப் வேண்டவே வேண்டாம்.

முனிர்கா:
கரோல் பாக் சார், பிளேடு சரி. ஐஸுக்கு எங்கே போவது? ஃபிகர் ஸ்கேட்டர் தாரா பிரசாத் இந்தியாவுக்காக ஆடுகிறார், ஆனால் அமெரிக்காவில் பிறந்து வளர்ந்தவர். நாங்கள் சிம்லாவின் இயற்கை ஐஸுக்காகக் குளிர்காலம் வரை காத்திருப்போம். அங்கே விடிகாலையில் ஒரு பெண் ஸ்பின் முடித்ததும் குனிந்து ஐஸில் தன் பிளேடு கீறிய கோட்டைப் பார்த்தாள். குட்டி வட்டங்கள், ஒன்றன்மேல் ஒன்றாக. பக்கத்தில் என் கோடு இழுத்துவிட்ட கம்பிச்சுருள் மாதிரி நீண்டிருந்தது. "கையைச் சீக்கிரம் சேர்க்கிறீர்கள் தீதி. நுழையும் எட்ஜ் வளைந்து முடியட்டும்" என்றாள். பத்து வயதுகூட இருக்காது.

மயூர் விஹார் அம்மா:
ரோலர் தம்பி, உயரம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை, அது மட்டுமே போதாது என்றேன். முனிர்கா, அந்தப் பெண் சொன்னது பேக் ஸ்பின்னுக்கும் பொருந்துமா? அங்கே நுழைவது வேறு காலில் ஆயிற்றே.