அப்பாவுக்கு சிஏபிடி (வயிற்று டயாலிசிஸ்) ட்யூப்: முழு மயக்கம் இல்லாமல் வைக்கலாமா?

மாடிவீடு:
அப்பாவுக்கு 68 வயது, சுகர் உண்டு. எக்கோவில் இதயத்தின் பம்பிங் 30 சதவீதம்தான். ஹீமோ, அதாவது மெஷினில் ரத்தத்தைச் சுத்தம் செய்கிற டயாலிசிஸ், தாங்கமாட்டார், வயிற்று டயாலிசிஸ்தான் சரி என்று கிட்னி டாக்டர் சொன்னதற்கு எல்லோரும் ஒத்துக்கொண்டோம். மயக்க டாக்டர்தான் முழு மயக்கம் வேண்டவே வேண்டாம் என்கிறார். கிட்னி டாக்டரோ, மரத்துப்போகிற ஊசி போட்டு நானே வைத்துவிடுகிறேன், அரை மணி நேர வேலை என்று சாதாரணமாகச் சொல்கிறார். வயிற்றில் ஓட்டை போடுவதை ஆள் முழித்திருக்கும்போதே செய்வார்களா? இருபது வயதில் குடல்வால் ஆபரேஷன் ஆகியிருக்கிறது, அதையும் சொல்லிவிடுகிறேன்.

நைட்டூட்டி:
டயாலிசிஸ் வார்டில் நர்ஸாக இருக்கிறேன், நிறைய பார்த்திருக்கிறேன். தொப்புளுக்குக் கீழே லிக்னோகெயின் என்ற மரத்துப்போகிற மருந்தைத் தோல், கொழுப்பு, தசை, உள் ஜவ்வு வரைக்கும் நிதானமாக இறக்குவார்கள், அவசரப்பட்டால்தான் வலி. பிறகு ஊசி வழியாக மெல்லிய கம்பி, கம்பி மேல் ஒரு உறை, உறைக்குள் ட்யூப், கடைசியில் உறையை இரண்டாகக் கிழித்து உருவிவிடுவார்கள். ஊசி உள்ளே போகிற நொடியில் "வயிற்றை இறுக்குங்க ஐயா" என்பார்கள், முழித்திருக்கிற ஆளால்தான் அது முடியும்.

நான் பயப்படுவது ஊசி மூத்திரப்பையில் குத்திவிடுமோ என்றுதான். சுகர்காரர்கள் சிலருக்குப் போனபிறகும் பை முழுசாகக் காலியாகாது. ஒருவர் "இப்பதாம்மா போய்ட்டு வந்தேன்" என்று படுத்தார், ஸ்கேன் வைத்துப் பார்த்தால் பை தளும்பி நிற்கிறது. மூத்திர ட்யூப் போட்டு வடித்த பிறகுதான் ஆரம்பித்தோம். அதனால் ஸ்கேன் பார்த்துச் செய்வீர்களா என்று கேட்டுவிடுங்கள், வயிற்றுச் சுவரில் ஓடும் ரத்தக்குழாயும் அதில் தெரியும். முந்தின நாளே மலம் சுத்தமாகப் போயிருக்க வேண்டும், வைப்பதற்கு முன்னால் ஆன்டிபயாடிக் ஊசியும் உண்டு.

பைமாற்றும்நேரம்:
எனக்கு அப்படித்தான் வைத்தார்கள், மூன்று வருடம் ஆகிறது. லேசாகத் தூக்கம் வர ஊசி போட்டார்கள், பேச்சுச் சத்தமெல்லாம் கேட்டுக்கொண்டுதான் இருந்தது. வெட்டியது தெரியவில்லை, ட்யூபைத் தோலுக்கடியில் இழுத்துப் பக்கவாட்டில் வெளியே கொண்டுவந்தபோதுதான் எரிந்தது, இன்னும் கொஞ்சம் மருந்து போடச் சொன்னேன், போட்டார்கள். உங்கள் அப்பாவிடமும் சொல்லிவையுங்கள், பல்லைக் கடித்துக்கொண்டு படுத்திருக்க வேண்டாம். எனக்குத் தொல்லை வந்தது பிறகுதான். பத்தாவது நாள் மலச்சிக்கல், ட்யூப் நுனி மேலே ஏறிவிட்டது, டயாலிசிஸ் தண்ணீர் உள்ளே போகிறது, வெளியே வரமாட்டேன் என்கிறது. பேதி மருந்து கொடுத்து இரண்டு நாளில் இறங்கியது.

நெஃப்ரோபையன்:
குடல்வால் ஆபரேஷன் நடந்ததாலேயே முடியாது என்று ஆகாது. ஆனால் பழைய தழும்புக்கு அடியில் குடல் ஒட்டிக்கொண்டிருந்தால் கண்ணால் பார்க்காமல் ஊசி இறக்குவது ஆபத்து. மூச்சு விடும்போது குடல் வழுக்கி நகர்கிறதா என்று ஸ்கேனில் பார்க்கச் சொல்லுங்கள். ஒட்டியிருந்தால் லேப்ராஸ்கோப்பிதான் (சின்னத் துளை வழியாகக் கேமரா விட்டுப் பார்த்துச் செய்வது) நல்லது, அதற்கு வயிற்றில் வாயு ஏற்றுவதால் வழக்கமாக முழு மயக்கம் வேண்டும், உங்கள் அப்பாவுக்கு அதுதானே சிக்கல். அப்போது சர்ஜன் வயிற்றுச் சுவர் நரம்புகளுக்கு மட்டும் மரத்துப்போகிற ஊசி (பிளாக்) கொடுத்து, சின்னதாகத் திறந்து பார்த்தே வைப்பார், அதற்கும் முழு மயக்கம் வேண்டாம்.

இதயத்துக்காக ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறாரா? நீங்களாக நிறுத்தாதீர்கள், இதய டாக்டரும் கிட்னி டாக்டரும் பேசி முடிவு செய்யட்டும். வைத்தபிறகு இரண்டு வாரம் ஆறவிட்டால் கசிவு குறையும். அவசரமென்றால் படுத்த நிலையிலேயே குறைந்த அளவு தண்ணீர் விட்டு ஆரம்பிப்பார்கள்.

மாடிவீடு:
குளோபிடோக்ரல் சாப்பிடுகிறார். நல்லவேளை கேட்டீர்கள், அந்தச் சீட்டை கிட்னி டாக்டரிடம் காட்டவே இல்லை. நாளைக்கு எடுத்துக்கொண்டு போகிறேன், ஸ்கேனும் கேட்கிறேன்.