மங்கிய வெளிச்சத்தில் மலையும் மேகமும்: உதவி தேவை

நண்பர்களே, சூரியன் மறைந்தபின் வரும் அந்த நீல வெளிச்சத்தில் மலைத்தொடரையும் அதன்மேல் நகரும் மேகங்களையும் படம் எடுக்க எனக்கு ரொம்ப ஆசை. ட்ரைபாடில் வைத்து எஃப் 8 (லென்ஸ் திறப்பின் அளவு), ஐஎஸ்ஓ 100 (கேமராவின் ஒளி உணர்திறன் அளவு) என்று போனால் ஷட்டர் 30 விநாடி திறந்திருக்க வேண்டியிருக்கிறது, அதற்குள் மேகம் நகர்ந்து வெறும் வெள்ளைப் பூச்சாகிவிடுகிறது. எனக்கு அதன் மடிப்புகள் தெரிய வேண்டும். சரி என்று ஐஎஸ்ஓவை 1600க்கு ஏற்றினால் 2 விநாடி போதும், ஆனால் ரா ஃபைலில் (கேமரா பதிவுசெய்யும் மூலக் கோப்பு) மலையின் இருட்டுப் பகுதியைத் தூக்கி வெளிச்சமாக்கும்போது நாய்ஸ், அதாவது புள்ளி புள்ளியான கறை, பொங்கி வருகிறது. வானத்துக்கு ஒன்று, மலைக்கு ஒன்று எடுத்து இணைப்பதுதான் வழியா? மேகம் முகட்டைத் தொடும் இடத்தில் விளிம்பு ஒட்டாமல் தெரியுமே, அதை எப்படிச் சமாளிக்கிறீர்கள்? கிராஜுவேட்டட் ஃபில்டர் (மேல்பக்கம் மட்டும் கருமையான கண்ணாடி) போட்டால் சிகரமும் சேர்ந்து இருண்டுவிடும், அதனால் அது வேண்டாம். உங்கள் செட்டிங்கோடு சொன்னால் பெரிய உதவி.