பேச்சுப் பயிற்சி மன்றத்தில் குறைகளைப் பூசி மெழுகுகிறார்களா?

கேள்வி

அலுவலகக் கூட்டங்களில் என் முறை வரும்போதெல்லாம் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்வதால், நண்பர் ஒருவரின் வற்புறுத்தலின் பேரில் எங்கள் ஊர் டோஸ்ட்மாஸ்டர்ஸ் மன்றம் ஒன்றின் மாலைக் கூட்டத்திற்கு விருந்தினராகச் சென்று வந்தேன். குறித்த நேரத்தில் தொடங்கிக் குறித்த நேரத்தில் முடித்த ஒழுங்கு மிகவும் பிடித்திருந்தது. ஆனால் மதிப்பீட்டுப் பகுதி நெருடலாக இருந்தது. ஒருவர் தம் உரையைத் தாளிலிருந்து தலை நிமிராமல் படித்து முடித்தார். மதிப்பீட்டாளரோ அவருடைய குரலையும் துணிவையும் வெகுவாகப் பாராட்டிவிட்டு, தாளைப் பற்றி ஒரே வாக்கியத்தில் தொட்டும் தொடாமலும் சொல்லி அமர்ந்துவிட்டார். இப்படிப்பட்ட இடத்தில் சேர்ந்தால் உண்மையிலேயே முன்னேற்றம் இருக்குமா?

மறுமொழி 1

நீங்கள் கேட்டது அவருடைய முதல் உரையாக இருக்கக்கூடும். 'ஐஸ் பிரேக்கர்' எனப்படும் அந்த அறிமுக உரைக்கு 4 முதல் 6 நிமிடங்கள் வரை தருவார்கள். எழுந்து நின்று முடித்தாலே போதும் என்ற மனநிலையில்தான் பெரும்பாலான மன்றங்கள் அதை அணுகுகின்றன. மேலும், மதிப்பீட்டாளருக்கு வழக்கமாகக் கிடைப்பது 2 முதல் 3 நிமிடங்கள். 2ஆவது நிமிடத்தில் பச்சை, இரண்டரையில் மஞ்சள், 3இல் சிவப்பு என்று விளக்கோ அட்டையோ காட்டப்படும்போது, பத்துக் குறைகளை அடுக்க அங்கே இடமில்லை. அடுக்கினாலும் பேசியவருக்கு ஒன்றும் நினைவில் நிற்காது. மேடையில் சொல்லாத விவரங்களைப் படிவத்தில் எழுதிக் கொடுப்பதும் உண்டு. அது விருந்தினர் கண்ணில் படாது.

மறுமொழி 2

மேலே சொன்னது சரிதான், ஆயினும் கேட்டவரின் ஐயத்தை நான் அவ்வளவு எளிதில் தள்ளிவிட மாட்டேன். 1924இல் கலிபோர்னியாவின் சான்டா ஆனா நகரில், ஒய்.எம்.சி.ஏ. கட்டடத்தில் ரால்ஃப் ஸ்மெட்லி இவ்வியக்கத்தைத் தொடங்கிய நாளிலிருந்தே, ஆசிரியர் என ஒருவர் இல்லாமல் உறுப்பினர்களே ஒருவரையொருவர் மதிப்பிடுவதுதான் இதன் அடிப்படை. ஆகவே மதிப்பிடுபவரும் பழகிக்கொண்டிருப்பவர்தான். ஒரு மன்றத்தின் தரம் அங்குள்ள மதிப்பீட்டாளர்களின் தரத்தைத் தாண்டிப் போகாது. பாராட்டு மழையிலேயே ஆண்டுக்கணக்கில் நனைந்துகொண்டு, அதே குறையோடு பேசிக்கொண்டிருப்பவர்களையும் நான் பார்த்திருக்கிறேன்.

நல்ல மதிப்பீட்டை அடையாளம் காண்பது கடினமன்று. "அருமை, உடல்மொழியைக் கொஞ்சம் கவனியுங்கள்" என்பது எந்த உரைக்கும் பொருந்தும், அதனால் பயனில்லை. "அப்பா அன்றோடு கடையை மூடினார் என்று சொன்ன உடனேயே அடுத்த வாக்கியத்திற்கு ஓடிவிட்டீர்கள், அங்கே இரண்டு நொடி நின்றிருந்தால் அந்தச் செய்தி எங்களை வந்து சேர்ந்திருக்கும்" என்று ஒருவர் சொன்னால், அவர் உரையைக் காது கொடுத்துக் கேட்டிருக்கிறார் என்று பொருள். சேருவதற்கு முன் வேறொரு மன்றத்திற்கும் சென்று, இத்தகைய குரல் எங்கே ஒலிக்கிறது என்று பாருங்கள்.

மறுமொழி 3

உங்கள் சிக்கல் அலுவலகக் கூட்டம் என்பதால், தயாரித்த உரையைவிட 'டேபிள் டாபிக்ஸ்' பகுதிதான் உங்களுக்கு அதிகம் உதவும் என்பது என் கருத்து. அங்கேயே தரப்படும் தலைப்பில் ஓரிரு நிமிடங்கள் பேச வேண்டும். மேலதிகாரி திடீரெனக் கேள்வி கேட்கும்போது நேர்வதும் ஏறத்தாழ அதுவே. பள்ளிப் பேச்சுப் போட்டிகளில் மனப்பாடம் செய்து முழங்கிப் பரிசு வாங்கியவர்கள்கூட இதில் திணறுவார்கள்.

இன்னொன்று: பேச்சின் இடையே வரும் "ஆ", "ம்" போன்ற தேவையற்ற ஒலிகளையும் சொற்களையும் எண்ணும் 'ஆ கவுன்ட்டர்' பொறுப்பில் இருப்பவர் கூட்டத்தின் முடிவில் வாசிக்கும் கணக்கைக் கேட்டு மிரள வேண்டாம். தமிழில் பேசும் மன்றமானால் "வந்து", "அதாவது", "என்ன சொல்ல வர்றேன்னா" எல்லாம் அதில் ஏறும். முதல் ஓரிரு கூட்டங்களில் எண்ணிக்கை கூசச் செய்யும் என்பது உண்மையே, ஆனால் அங்கே பூசி மெழுகலுக்கு இடமே இல்லை. விருந்தினராக இருக்கும்வரை பேச அழைத்தால் நாகரிகமாக மறுத்துவிடலாம். யாரும் தவறாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். ஆனாலும் அடுத்த முறை செல்லும்போது மறுக்காமல் ஒரு தலைப்பை வாங்கிக்கொள்ளுங்கள்.