மாருதி 800 பிளாக்: கிராங்க் வரைக்கும் வீட்டிலேயே இறக்கலாமா?

அம்மாபேட்டை800:
வணக்கம்ங்க. அப்பா 1998ல வாங்கின 800. அவர் தவறி ரெண்டு வருசம் ஆச்சு, வண்டிய விக்க மனசு வரல. போன மாசம் ஏற்காடு ஏறும்போது பதினாலாவது கொண்டை ஊசி வளைவுல டெம்பரேச்சர் முள் மேல போயிருச்சு. நான் கவனிக்கல, ஆவி வந்த பிறகுதான் நிறுத்தினேன். கயிறு கட்டி அடிவாரத்துக்கு இறக்கிட்டு வந்து டிப்ஸ்டிக்க உருவினா, ஆயில்ல தண்ணி கலந்து பால் காப்பி கலர்ல இருக்கு.

மச்சானும் நானும் சேர்ந்து போர்ட்டிகோவுல இன்ஜினை இறக்கிட்டோம். சிலிண்டருக்கு மேல மூடியிருக்கிற ஹெட்டும் கழட்டியாச்சு. தண்ணி ஓட்டைக்கும் ஆயில் ஓட்டைக்கும் நடுவுல, ஹெட்டுக்கு அடியில வர்ற கேஸ்கெட் அரிச்சுப் போயிருக்கு. நடு சிலிண்டர் சுவத்துல மேலருந்து கீழ ஒரு கோடு. சிலிண்டரைச் சுத்தித் தண்ணி ஓடுற வாட்டர் ஜாக்கெட்டுக்குள்ள டார்ச் அடிச்சா, இட்லிப் பானை அடியில படியுமே, அதே வெள்ளைப் படிவம். ஸ்க்ரூ டிரைவரால குத்தினா செதில் செதிலா உதிருது. அப்பா எப்பவும் வீட்டு போர் தண்ணிதான் ரேடியேட்டருக்கு ஊத்துவார்.

பிஸ்டன், அடியில சுத்துற கிராங்க் தண்டு எல்லாம் நானே இறக்கலாமா, இல்ல இப்படியே லேத் பட்டறைக்குக் கொண்டு போகட்டுமா? கையில சாக்கெட் செட்டும் கடன் வாங்கின டார்க் ரென்ச்சும் இருக்கு.

சூரமங்கலம்_டிரைவர்:
சார், இவ்ளோ மெனக்கெட வேண்டாம். ஓடின இன்ஜின் ஒண்ணு வாங்கி மாட்டுங்க, ஒரு நாள் வேலை.

குகை_லேத்:
தம்பி, 31 வருசமா சிலிண்டரைக் கடைஞ்சு போர் போடுற மெஷின்ல நிக்கிறவன் சொல்றேன், நீயே இறக்கு. டிரைவர் தம்பி சொல்ற மாதிரி வேற இன்ஜின் மாட்டினா, பிளாக்குல குத்தியிருக்கிற நம்பரும் ஆர்.சி. புக்குல இருக்கிற நம்பரும் ஒத்துப் போகாது. ஆர்.டி.ஓ. ஆபீஸ்ல போய் மாத்தணும். அதோட, அது உங்க அப்பா ஓட்டின இன்ஜினும் இல்ல.

கிராங்க்கை இறக்கித்தான் ஆகணும். பாலாப் போன ஆயில், கிராங்க் உக்காந்து சுத்துற பேரிங் ஷெல்லுக்குள்ள போயிருக்கும், கிராங்க்கோட ஆயில் துளைக்குள்ள பிசினா அப்பியிருக்கும். அதை விட்டுட்டு மேல மட்டும் புதுசு போட்டா காசு தண்டம்.

கிராங்க்கைப் பிளாக்கோட பிடிச்சு வைக்கிற மெயின் கேப்புதான் முக்கியம், நல்லாக் கேட்டுக்க. அந்தக் கேப்புகளை பிளாக்கோட போல்ட் போட்டு இறுக்கின பிறகுதான் கம்பெனியில ஒரே நேர்கோட்டுல போர் போடுறாங்க. அதனால ஒண்ணோட இடத்துல இன்னொண்ணு உக்காராது. மேல நம்பரும் அம்புக்குறியும் இருக்கும், அம்பு புல்லி பக்கம் பார்க்கணும். அரிசிச் சாக்குல எல்லாத்தையும் ஒண்ணாக் கொட்டிக் கொண்டு வந்தவங்களைப் பார்த்திருக்கேன். மாத்தி மாட்டி இறுக்கினா கிராங்க் சுத்தவே மாட்டேங்கும். கழட்டுறதுக்கு முன்னாடியே போட்டோ எடு. பிஸ்டனைக் கிராங்க்கோட சேர்க்கிற கனெக்டிங் ராடுக்கும் அதோட கேப்புக்கும் நெயில் பாலிஷ்ல புள்ளி வை, முதலுக்கு ஒண்ணு, ரெண்டாவதுக்கு ரெண்டு, மூணாவதுக்கு மூணு.

பிஸ்டனைத் தள்ளுறதுக்கு முன்னாடி சிலிண்டர் மேல் விளிம்புல இருக்கிற கரியைச் சுரண்டிரு, இல்லேன்னா ரிங் மாட்டி உடையும். ராடு போல்ட் ரெண்டுக்கும் பெட்ரோல் ஹோஸ் துண்டு சொருகு. இரும்புப் போல்ட் ஒரு தடவை உரசினா போதும், கிராங்க் ஜர்னல்ல, அதான் பேரிங் உக்கார்ற வழவழப்பான இடத்துல, கீறல் விழுந்திரும். அப்புறம் கீழருந்து சுத்தியல் மரப்பிடியால தள்ளு, மேல ஒருத்தர் கையேந்தி நிக்கட்டும்.

அந்தக் கோட்டுல நகத்தை ஓட்டிப் பாரு. நகம் மாட்டுச்சுன்னா சிலிண்டரைக் கடைஞ்சு போர் போட்டுத்தான் ஆகணும். சிலிண்டர் ஒரிஜினல் 68.5 மி.மீ., அதைவிட 0.25 மி.மீ., 0.50 மி.மீ. பெரிய ஓவர்சைஸ் பிஸ்டன் கிடைக்கும். ஒரு சிலிண்டர் போர் போட்டா மத்த ரெண்டும் அதே சைஸ் போடணும். பிஸ்டனை வாங்கிக் கையில கொடுத்த பிறகுதான் போர் போடச் சொல்லு, அதை அளந்துதான் நாங்க இடைவெளி விடுவோம்.

வெள்ளைப் படிவத்துக்கு பிளாக் பக்கவாட்டுல இருக்கிற கோர் பிளக்கை, அதான் வாட்டர் ஜாக்கெட்டை அடைச்சிருக்கிற வட்டத் தகடை, எடுக்கணும். ஒரு ஓரத்துல உளி வச்சுத் தட்டினா திரும்பி நிக்கும், பிளையர்ல இழு. மாமாங்கத்துல வெள்ளைக்கல் தோண்டுற ஊர் நம்ம சேலம், போர் தண்ணி இதைத்தான் செய்யும். ஹெட் அலுமினியம், கழுவுறேன்னு காஸ்டிக் சோடா பக்கம் கொண்டு போயிராத, தின்னுரும். ஸ்கேல் வச்சு ஹெட் மட்டமா இருக்கான்னும் பாரு. 0.05 மி.மீ. ஃபீலர் கேஜ் தகடு எங்கயாவது நுழைஞ்சா, ஃபேஸிங் போட்டு மட்டமாக்கணும்.

அம்மாபேட்டை800:
ஐயா, ரொம்ப நன்றிங்க. ஞாயித்துக்கிழமை முழுக்க இதே வேலை. நகம் மாட்டுது. மெயின் ஷெல் ஒண்ணுல மேல இருக்கிற வெள்ளைப் பூச்சு தேஞ்சு செம்பு தெரியுது. கோர் பிளக் எடுத்ததும் உள்ள இருந்து ரெண்டு கைப்பிடி செதில் வந்துச்சு. எல்லாத்தையும் முட்டை அட்டையில நம்பர் போட்டு வச்சிருக்கேன். 0.25 பிஸ்டன் சொல்லியாச்சு.

குகை_லேத்:
செம்பு தெரிஞ்சா ஷெல் மொத்த செட்டும் மாத்து. கிராங்க்கையும் லேத்துல மைக்ரோமீட்டர் வச்சு அளக்கச் சொல்லு, தேய்மானத்தைப் பார்த்துட்டு ஷெல் சைஸ் வாங்கு. எந்த லேத்துக்குக் கொடுத்தாலும் மெயின் கேப்பை அதது இடத்துல மாட்டி, இறுக்கிக் கொண்டு போ தம்பி.