உள்ளூரில் தட்டுப்பாடு, கப்பலில் ஏற்றுமதி: இது என்ன கணக்கு?

கேள்வி: லாஸ்பேட்டை மாணவி

புதுச்சேரியில் எம்.ஏ. பொருளாதாரம் படிக்கிறேன். இரண்டாம் உலகப்போரில் பிரிட்டன் தன் மக்களுக்கு 1941இல் துணிக்குக் கூப்பன் போட்டது. 1942 முதல் பூப்போட்ட பீங்கான் எல்லாம் ஏற்றுமதிக்கு, உள்ளூருக்கு வெறும் வெள்ளைத் தட்டு. இந்தக் கட்டுப்பாடு 1952 வரை நீடித்தது. ஆளும் நிலக்கரியும் போருக்கே பத்தாத நேரத்தில் எதற்கு ஏற்றுமதி?

பதில்: முதுநகர் மண்டிக்காரர்

டாலருக்காகத்தான் அம்மா. 1939 நவம்பரிலிருந்து அமெரிக்காவிடம் ஆயுதம் வாங்க ரொக்கம் வைக்க வேண்டும், சரக்கையும் தன் கப்பலிலேயே ஏற்றிக்கொண்டு போக வேண்டும். அதனால் 1940இல் ‘ஏற்றுமதி செய், ஏற்றுமதி செய்’ என்று விரட்டினார்கள். 1941 மார்ச்சில் அமெரிக்கா ரொக்கம் கேட்காமல் தர ஒப்புக்கொண்டதும் பேச்சு மாறிவிட்டது. ஆட்களை ஆயுதப் பட்டறைக்குத் திருப்பினார்கள். 1943இல் ஏற்றுமதி அளவு 1938இல் இருந்ததில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. தட்டை மட்டும் பார்த்தால் இது தெரியாது.

நம்ம பக்கம் நடந்தது வேறு. இங்கிருந்து மல்லாட்டை (நிலக்கடலை) பிரான்சின் மார்சேய் துறைமுகத்துக்குக் கப்பலேறும். 1940 ஜூனில் பிரான்ஸ் விழுந்ததும் அந்த வியாபாரம் படுத்துவிட்டது. 1942இல் பர்மா ஜப்பான் கைக்குப் போக, ரங்கூன் அரிசியும் நின்றது. சர்க்கார் உடனே உணவுப் பயிர் போடு என்றது. பண்ருட்டி செம்மண் மேட்டில் எங்கே நெல் போடுவது? கம்பு, வரகு வரும். நெல்லுக்குத் தண்ணீரை யார் தருவார்?

பதில்: வில்லியனூர் கணக்கர் (ஓய்வு)

மண்டிக்காரர் பாதியைத்தான் சொன்னார். பிரிட்டன் தன் நாட்டை ஏற்றுமதியிலிருந்து விலக்கிக்கொண்டது சரி, இந்தியாவை அப்படி விடவில்லையே. இங்கிருந்து போன சரக்குக்கும் பிரிட்டனுக்காகச் செய்த போர்ச் செலவுக்கும் பணம் லண்டன் கணக்கில் வரவு ஏறியது, அவ்வளவுதான். போர் முடிந்தபோது நிலுவை சுமார் 130 கோடி பவுண்டு. அதை ஈடாகக் காட்டி இங்கே ரூபாய் நோட்டு அச்சடித்தார்கள். சந்தையில் சரக்கு குறைவு, நோட்டு அதிகம். விலை பறந்தது. 1943இல் வங்கத்தில் செத்தவர்களில் பெரும்பாலோர் கூலிக்காரர்கள், மீனவர்கள், நிலமில்லாதவர்கள். கையில் இருந்த கூலிக்கு அரிசி கிடைக்கவில்லை.

லாஸ்பேட்டை மாணவி

நன்றி ஐயா. அப்படியானால் 2022 மே மாதம் கோதுமைக்கும் 2023 ஜூலையில் பாஸ்மதி அல்லாத பச்சரிசிக்கும் ஏற்றுமதித் தடை போட்டது சரிதானா? உக்ரைன் போர் நம் போர் இல்லையே.

முதுநகர் மண்டிக்காரர்

போர் யாருடையதாக இருந்தாலும் விலை நம் வாசலுக்கு வரும். சூரியகாந்தி எண்ணெய் டின் விலை என்ன ஆனது என்று உங்கள் வீட்டில் கேளுங்கள். ஆனால் ராத்திரியோடு ராத்திரியாகப் போடும் முழுத் தடை எனக்குப் பிடிக்காது. நல்ல விலை வரும் வருஷத்தில்தான் விவசாயி கடனை அடைப்பான். 2023 ஆகஸ்டில் புழுங்கலரிசிக்குத் தடை இல்லாமல் 20 சதவீத வரி மட்டும் போட்டார்கள். ஏற்றுமதி குறையும், ஆனால் நின்றுபோகாது. பச்சரிசிக்கும் 2022 செப்டம்பரில் அதே 20 சதவீத வரிதான் போட்டிருந்தார்கள். தடைக்குப் போகாமல் அந்த வரியை இன்னும் ஏற்றிப் பார்த்திருக்கலாம்.